கருவி இருக்கட்டும், அறை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணுக்களின் குவாண்டம் இயல்பைக் கொண்டு மிக நுண்ணிய காந்தப்புலத்தையும் அளக்கும் குவாண்டம் உணரிகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூளையின் காந்தப்புலத்தையே அளந்துவிடும் என்று வியந்திருந்தார்கள். சரி, அளக்கும். ஆனால் மூளையை உணரும் கருவி, பக்கத்தில் ஓடும் லிஃப்ட்டையும் சேர்த்தேதான் உணரும். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

மூளையின் புலம் சுமார் 100 ஃபெம்டோடெஸ்லா. நம் பக்கம் பூமியின் புலம் 40 மைக்ரோடெஸ்லா. ஏறக்குறைய 40 கோடி மடங்கு. 1972இல் டேவிட் கோஹன் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், திரவ ஹீலியத்தில் குளிர்வித்து வைக்கும் ஸ்க்விட் உணரியால் மூளையை அளந்தது, வெளிப்புலத்தைத் தடுக்கும் காந்தக் கவசம் போட்ட அறைக்குள். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் செய்வதும் அப்படி ஓர் அறையில்தான். ஹீலியம் தேவைப்படாத, தலையில் மாட்டிக்கொள்ளும், ரூபிடியம் என்ற உலோகத்தின் ஆவியால் இயங்கும் உணரிகள் இப்போது வந்திருக்கின்றன. அவை வேலை செய்யவே சுற்றுப்புலம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆக, அறையின் தேவை குறையவில்லை.

இரைச்சலுக்குள்ளிருந்து சின்னப் பதிலைப் பிரிக்கும் பாடு எனக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரியில் பெரா டெஸ்ட் எடுத்தவன். பச்சைக்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று, தூங்கும்போது டிக் டிக் என ஒலி கொடுத்துப் பார்ப்போம். அதற்கு மூளை தரும் மின் பதில் ஒரு மைக்ரோவோல்ட்கூட இருக்காது. மூளையின் மற்ற சலசலப்பு அதைப்போலப் பல மடங்கு. 2,000 டிக்குகளுக்குச் சராசரி எடுத்தால் ஒழுங்கற்ற இரைச்சல் சுமார் 45இல் ஒரு பங்காகிவிடும், பதில் அப்படியே நிற்கும். ஆனால் கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ் ஒழுங்கான இரைச்சல். விநாடிக்குச் சரியாக 10 டிக் வைத்தால், ஒவ்வொரு டிக்குக்கும் அந்த அலை அதே இடத்தில் வந்து நிற்கும். எத்தனை முறை கூட்டினாலும் போகாது. அதனால் 11.1 என்று வைப்போம்; அலை ஒவ்வொரு டிக்குக்கும் வேறு இடத்தில் வந்து, சராசரியில் கரைந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் அந்தப் புள்ளி ஒன்று எதற்கென்று கேட்பார்கள். கேட்காதவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

வைரத்தில் செய்த உணரியானாலும் இந்தக் கணக்கு மாறாது. தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023இல் சுமார் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். நாளை இந்தக் கருவிகள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது, வாங்குகிறவர்கள் கொட்டேஷனைப் பிரிப்பதற்கு முன் கட்டட வரைபடத்தை விரித்து, லிஃப்ட்டும் டிரான்ஸ்ஃபார்மரும் எங்கே இருக்கின்றன என்று பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெக்னீஷியன் ஒருவர்,
மதுரை