வெர்டியின் கதை ‘ஐடா’வோடு முடியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாட்டாலேயே நடக்கும் இசை நாடகமான ஓபராவின் இத்தாலிய மேதை ஜூசெப்பே வெர்டியைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மேலை இசைக்கு இவ்வளவு பக்கங்கள் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அதில் இரண்டு செய்திகள் திருத்தப்பட வேண்டியவை. அதைவிட, கட்டுரை அவருடைய ‘ஐடா’ ஓபராவின் வெற்றியோடு நின்றுவிட்டது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

‘ஐடா’ சூயஸ் கால்வாயின் திறப்பு விழாவுக்காக இயற்றப்பட்டது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பலரும் நம்பிவரும் செய்திதான் என்றாலும் காலக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. கால்வாய் திறக்கப்பட்டது 1869 நவம்பரில். அதே மாதத் தொடக்கத்தில் கெய்ரோவின் புதிய ஓபரா அரங்கு திறக்கப்பட்டபோது அங்கே மேடையேறியது, வெர்டி 1851இலேயே வெனிஸ் நகரில் அரங்கேற்றியிருந்த ‘ரிகோலெட்டோ’. அந்தத் திறப்புக்கென ஒரு வாழ்த்துப் பாடல் அமைத்துத் தரும்படி கேட்டபோது, விழாக்களுக்காக இசையமைப்பது தம் வழக்கமில்லை என்று அவர் மறுத்துவிட்டார். எகிப்தியத் தொல்லியலில் தோய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஒகுஸ்த் மரியெத் எழுதிய கதைச்சுருக்கத்தை 1870இல் படித்த பிறகே ‘ஐடா’வுக்கு இசையமைக்க அவர் இசைந்தார். அதன் பின்னரும், பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டு, பாரிஸில் தயாரான காட்சித்திரைகளும் உடைகளும் முற்றுகைக்குள் அகப்பட்டுக்கொண்டதால், கெய்ரோவில் திரை உயர 1871 டிசம்பர் 24 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த அரங்கேற்றத்துக்கு வெர்டி போகவே இல்லை.

மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் அவர் இரண்டே மாதங்களில் பறிகொடுத்தார் என்பது இன்னொன்று. இதில் கட்டுரையாளரைக் குறைசொல்ல மாட்டேன். பிற்காலத்தில் வெர்டியே அப்படித்தான் நினைவுகூர்ந்தார். உண்மையில் மகள் வர்ஜீனியா 1838 ஆகஸ்டிலும், மகன் இச்சீலியோ 1839 அக்டோபரிலும், மனைவி மார்கரீத்தா 1840 ஜூனிலும் இறந்தனர். மூன்று சாவுகளும் ஒரே இடியாக அவர் நினைவில் இறங்கியிருந்தன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தத் துயரத்துக்கு நடுவே, ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்துக்காக அவர் எழுதி முடிக்க வேண்டியிருந்தது ஒரு நகைச்சுவை ஓபரா. அது 1840 செப்டம்பரில் மிலானின் லா ஸ்காலா அரங்கில் ரசிகர்களின் கூச்சலுக்கு இரையாகி, ஒரே இரவோடு நிறுத்தப்பட்டது. இனி இசையே வேண்டாம் என்றிருந்தவரை மீட்டது 1842இல் வந்த ‘நபுக்கோ’. ஆயினும் நகைச்சுவையின் பக்கம் அவர் அரை நூற்றாண்டுக்கு மேல் திரும்பவில்லை.

அதனால்தான் ‘ஐடா’வோடு கதையை முடிக்கக் கூடாது என்கிறேன். அதன் பிறகு அவர் பெரும்பாலும் சாந்தாகதா பண்ணையில் நிலத்தைக் கவனித்துக்கொண்டு வாழ்ந்தார். கவிஞர் அரிகோ பொய்தோ ஷேக்ஸ்பியரின் நாடகத்தைச் சுருக்கிப் பாட்டாக்கித் தர, 1887இல் ‘ஒத்தெல்லோ’ வந்தது. அப்போது அவருக்கு வயது 73. 1893இல், 79 வயதில், அதே கவிஞரோடு சேர்ந்து ‘ஃபால்ஸ்டாஃப்’ என்னும் முழு நகைச்சுவை ஓபராவை, எந்த லா ஸ்காலாவில் அன்று அவமானப்பட்டாரோ அங்கேயே அரங்கேற்றினார். ஒரு குரல் எடுத்த மெட்டை அடுத்த குரல் துரத்திப் பிடிக்க, அதை மற்றொன்று துரத்தும் ‘ஃபியூக்’ என்ற கடினமான அமைப்பில், உலகமே ஒரு விளையாட்டு என்று எல்லாப் பாத்திரங்களும் சேர்ந்து பாடுவதோடு அது முடிகிறது. எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. ஆனாலும் அந்த முடிவைக் கேட்கும்போதெல்லாம், அரை நூற்றாண்டுக்கு முன் மூன்று சவப்பெட்டிகளுக்குப் பின்னால் நடந்த இளைஞனின் நினைவு வந்து கண் கலங்குகிறது.

கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத இன்னொரு படைப்பு, மிலானில் வறிய முதிய இசைக் கலைஞர்களுக்காக அவர் கட்டிய இல்லம். பதிப்பாளர்களிடம் ஒவ்வொரு காசுக்கும் வாதாடியவர் என்று கட்டுரை சொல்வது சரிதான். அந்தக் காசு போய்ச் சேர்ந்த இடத்தையும் சொல்லியிருக்க வேண்டும். பொய்தோவின் அண்ணன் கமில்லோ வரைபடம் தந்த அக்கட்டடம் 1899இல் முடிந்தது. ஆனால் யாரும் நேரில் வந்து நன்றி சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, தம் மறைவுக்குப் பிறகே அதைத் திறக்க வேண்டும் என்றார் வெர்டி. தம் படைப்புகளிலேயே தமக்கு மிகவும் பிடித்தது அந்த இல்லம்தான் என்று ஒரு கடிதத்திலும் எழுதியிருக்கிறார். அவருடைய ஓபராக்களின் உரிமைத்தொகை பல பத்தாண்டுகள் அதை நடத்தியது. இன்றும் அங்கே கலைஞர்கள் வாழ்கிறார்கள்.

1901 ஜனவரி 27 அன்று அவர் காலமானபோது, பாட்டும் இசையும் இல்லாத எளிய இறுதிச் சடங்கே போதும் என்ற அவர் விருப்பம் நிறைவேற்றப்பட்டது. ஒரு மாதம் கழித்து அவருடைய உடலும் அவருக்கு முன்பே மறைந்த இரண்டாம் மனைவி ஜூசெப்பீனாவின் உடலும் அந்த இல்லத்தின் நிலவறைக்கு மாற்றப்பட்டன. அன்று இசை நடத்துநர் தோஸ்கனீனி வழிநடத்த, எண்ணூறு பேருக்குக் குறையாத பாடகர் குழு ‘நபுக்கோ’வின் அடிமைகள் பாட்டைப் பாடியது. இந்த இறுதி முப்பது ஆண்டுகளைக் கட்டுரையின் இரண்டாம் பகுதியாக, அதே கட்டுரையாளரைக் கொண்டே எழுதி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்