ஓட்ஸ் டப்பா தாத்தா

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'ஓர் உறுப்பினருக்குக் கஷ்டம் என்றால் சபையே அவர் வாசலில் வந்து நிற்கும்' என்று ஒரு வரி. எந்த வாசலில் என்று எழுதியிருக்கலாம்.

வட இங்கிலாந்தில் ஒரு குவேக்கர் கூட்டத்துக்கு 11 வருடமாக ஞாயிறு தவறாமல் போகிறவள் நான். போன பிப்ரவரியில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. கூட்டத்திலிருந்து டாஃபடில் பூப்படம் போட்ட வாழ்த்தட்டை ஒன்று வந்தது: 'உங்களை ஒளியில் ஏந்துகிறோம்.' பிரார்த்திக்கிறோம் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சரி, ஒளியில் ஏந்தினார்கள். மாடிப்படியில் அவரை ஏந்தி இறக்க ஒருவரும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் போலந்துக்காரப் பையன்தான் வந்தான். அவன் எந்தச் சபைக்கும் போகிறவன் இல்லை.

1659-ல் 'சிறையில் கிடக்கும் எங்கள் ஆட்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பதிலாக எங்களை உள்ளே போடுங்கள்' என்று 164 குவேக்கர்கள் நாடாளுமன்றத்திடம் போய்க் கேட்டது உங்களுக்குத் தெரியாததா? 1682-ல் பிரிஸ்டலில் பெரியவர்களை உள்ளே போட்டபோது பிள்ளைகளே கூட்டத்தை விடாமல் நடத்தினார்களே! இன்று மிஞ்சியிருப்பது மென்மையான குரலும் கம்பளிச் சட்டையும் பிஸ்கட்டும்தான்.

ஒருமுறை கூட்டத்தின் மௌன வழிபாட்டின் நடுவே எழுந்து பேசியவள் அழுதுவிட்டேன். முடிந்ததும் ஒரு மூப்பர் காபிக் கோப்பையோடு வந்து, "நாங்கள் பொதுவாகச் சுருக்கமாகப் பேசுவோம்" என்றார். நடுங்குகிறவர்கள் என்று ஊர் கேலி செய்துதானே குவேக்கர் என்ற பெயரே வந்தது? மூப்பர் சொன்ன அந்த 'நாங்கள்' வேறு. 11 வருடம் கழித்தும் நான் அதில் இல்லை.

எல்லோரும் ஒரே மாதிரி எளிய உடுப்புதான் உடுத்த வேண்டும் என்று பிடிவாதம் வந்தபோது, குவேக்கர் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான மார்கரெட் ஃபெல் எண்பத்தைந்து வயதைத் தாண்டிய நிலையிலும், 1700-ல், இதெல்லாம் அசட்டுச் சுவிசேஷம் என்று கண்டித்து எழுதினார். உங்கள் கட்டுரையில் அந்த அம்மாளுக்கு அரை வரிகூட இல்லை. 'குவேக்கர் ஓட்ஸ்' டப்பாவில் தொப்பியோடு சிரிக்கும் தாத்தாவுக்கு மட்டும் கால் பக்கம்!

அந்த ஓட்ஸ் கம்பெனியை ஆரம்பித்தவர்கள் குவேக்கர்களே அல்ல. அடுத்த இதழில் இதற்கு இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். வாசலில் வந்து நிற்கிற அந்த வரியைத் திருத்தச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி