போபாலில் ஒருத்தன் கிளம்பியிருந்தால்...

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனத் தலைவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டது பற்றித் தங்கள் இதழில் வந்த வாசகர் கடிதங்களைப் படித்தேன். பெரும்பாலானவை, வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், ‘நல்லா வேணும்’ என்கிற தொனியில்தான் இருந்தன. ஒருவர், ‘போபாலிலும் அன்றைக்கே இப்படி ஒருத்தன் கிளம்பியிருந்தால் நியாயம் கிடைத்திருக்கும்’ என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்தத் தலைவர் பிரையன் தாம்சன் நியூயார்க்கில் சுடப்பட்டது 2024 டிசம்பர் 4 அன்று. போபால் விஷவாயு கசிந்து 40 ஆண்டுகள் நிறைந்ததற்கு மறுநாள். தோட்டா உறைகளில் எழுதியிருந்த சொற்கள், காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தராமல் இழுத்தடிப்பதைக் குத்திக்காட்டுபவை. என் மாமனாரின் ஆஸ்பத்திரி பில்லுக்காக நானும் ஏழு மாதம் அலைந்தவன்தான். ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு அந்த அலுவலகப் படிக்கட்டில் நின்று நான் மனதுக்குள் நினைத்ததை இங்கே எழுத முடியாது.

போபாலில் சட்டம் செய்ததும் பெருமைப்படும்படி இல்லை. விஷவாயு கசிந்த ஆலையின் தாய்க் கம்பெனியான, அமெரிக்காவின் யூனியன் கார்பைடின் தலைவர் வாரன் ஆண்டர்சன் 1984 டிசம்பர் 7 அன்று போபாலில் கைதானார். அன்றே 25,000 ரூபாய் ஜாமீனில் விட்டு, மாநில அரசின் விமானத்திலேயே டெல்லிக்கு அனுப்பினார்கள். பிறகு அவர் எந்த இந்திய நீதிமன்றப் படியும் ஏறாமல் 2014இல் புளோரிடாவில் இறந்தார். வாயு பாதித்தவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்த இழப்பீடும் அதே 25,000 ரூபாய்தான்! 2010இல் கம்பெனியின் இந்திய அதிகாரிகளுக்குக் கிடைத்தது இரண்டாண்டு தண்டனை, உடனே ஜாமீன். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ‘சட்டத்தை நம்புங்கள்’ என்று யாருக்கும் உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அந்த ‘ஒருத்தன்’ கிளம்பியிருந்தால் யார் வீட்டுக்குப் போயிருப்பான்? ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் ஷிஃப்ட் ஆபரேட்டராக இருந்தவன் நான். ஒருமுறை பம்ப் சீல் கசிந்து இரண்டு பேருக்குக் கை வெந்துபோனது. விசாரிக்க வந்தவர்கள் முதலில் கேட்டது, ‘யார் டியூட்டி?’ சீலை மாற்றச் சொல்லி மூன்று வாரமாக லாக் புக்கில் எழுதி வைத்திருந்தோம். அந்தப் பக்கத்தை அவர்கள் புரட்டவே இல்லை. சஸ்பெண்ட் ஆனது வால்வைத் திறந்த பையன்.

கார்பைடும் அதையேதான் பெரிய அளவில் செய்தது. தண்ணீர் கலந்தால் கொதித்து விஷவாயுவாகக் கிளம்பும் மீத்தைல் ஐசோசயனேட் என்ற ரசாயனத்தின் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரத்தைப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் அன்றிரவு வேலை செய்யவில்லை. செலவைக் குறைக்க ஆட்களையும் குறைத்திருந்தார்கள். இதில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு மேஜையில் யாரோ போட்ட கையெழுத்து இருக்கும். கம்பெனி சொன்ன கதையோ வேறு: மனக்கசப்பில் இருந்த ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டிக்குள் தண்ணீரை விட்டுவிட்டாராம்! துப்பாக்கியோடு கிளம்புகிறவன் விசா எடுத்து அமெரிக்காவுக்கா போயிருப்பான்? அடுத்த தெருவில் இருந்த அந்தத் தொழிலாளியின் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பான். கம்பெனிக்கும் அது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

2019 டிசம்பரில் ஹைதராபாத்தில், பெண் கால்நடை மருத்துவரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகப் பிடித்த நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது ஜனங்கள் போலீஸ்காரர்கள் மேல் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் பிறகு, கொல்லும் நோக்கத்தோடேயே சுட்டார்கள் என்றது. செத்தவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அதற்குள் பூவெல்லாம் காய்ந்துபோயிருந்தது.

சரி, ஆண்டர்சனையே சுட்டிருந்தால்? தாம்சனின் நாற்காலியில் அடுத்த மாதமே இன்னொருவர் உட்கார்ந்துவிட்டார். காப்பீட்டுத் தொகையை மறுக்கும் விதிகளை எந்தத் தோட்டாவும் தொடவில்லை. தாம்சனின் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் அப்பா இல்லாமல் போனார்.

போபால் மக்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் அந்த வாசகருக்குச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் ஆண்டர்சனின் கொடும்பாவியை எரித்தார்கள். டெல்லி வரை நடந்தே போனார்கள். 2002இல் ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா என்ற இரண்டு பெண்கள், கார்பைடை விலைக்கு வாங்கிய டௌ கெமிக்கல் கம்பெனிக்கு எதிராக ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதன் பெயர் ‘ஜாடு மாரோ டௌ கோ’, அதாவது டௌவைத் துடைப்பத்தால் அடி. நம் ஊரில் துடைப்பக்கட்டையைத் தூக்கிவிட்டால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. ஆளைக் கொல்லாமல் மானத்தை வாங்கும் ஆயுதம் அது. உறவுகளைப் பறிகொடுத்த அந்தப் பெண்களுக்கு இல்லாத கோபமா நமக்கு?

பல சம்மன்களுக்குப் பிறகு 2023 அக்டோபரில்தான் டௌ கம்பெனியின் வக்கீல்கள் முதன்முறையாகப் போபால் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். வந்ததும், எங்களை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று வாதிட்டார்கள். நியூயார்க் வழக்கின் ஒவ்வொரு வாய்தாவுக்கும், குற்றம் சாட்டப்பட்ட இளைஞர் என்ன சட்டை போட்டிருந்தார் என்பது வரை நம் பத்திரிகைகளில் செய்தி வருகிறது. போபால் வழக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள நான் மகனின் லேப்டாப்பில் ஆங்கிலச் செய்திகளைத் தேட வேண்டியிருக்கிறது. தங்கள் இதழில் அதற்கு மாதம் அரைப் பக்கம் ஒதுக்க முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
கடலூர்.