‘இன்று படகு போகாது’ என்று யார் சொல்வது?

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல்தொழில் செய்த வீட்டில் பிறந்து, இப்போது நாகர்கோவிலில் குடியிருப்பவன் நான். போன விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் வந்திருந்தார்கள். நம் மாவட்டத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகம் ஒன்றில் படகில் ஏற்றிக் காட்டலாம் என்று கூட்டிப் போனேன். எட்டுப் பேர் உட்காரக்கூடிய ஃபைபர் படகில் பதினான்கு பேர். லைஃப் ஜாக்கெட் கேட்டதற்குப் பலகைக்கு அடியில் கிடந்த குவியலைக் காட்டி, "வேணும்னா எடுத்துப் போடுங்க சார்" என்றார் படகுக்காரர். கொக்கி சரியாக இருந்தவை நான்கு. சின்னவளுக்குப் பொருந்தும் அளவில் ஒன்றுகூட இல்லை. இறங்கிவிட்டோம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சந்தோஷமாக எங்கள் இடத்தில் ஏறிக்கொண்டார்கள்.

அந்தப் படகுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. விடுமுறை நாளில் கிடைக்கும் நாலு காசில்தான் அவர் வீட்டு உலை கொதிக்கிறது. ‘இன்று போகாது’ என்று சொல்லும் பொறுப்பை அவர் தலையிலேயே வைத்திருக்கிறோமே, அதுதான் தப்பு. கன்னியாகுமரியில் பாருங்கள்: கடல் சீறினாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் கழகப் படகை நிறுத்திவிடுகிறார்கள். வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். அப்படி நிறுத்த ஓர் ஆள் அங்கே இருக்கிறார். சின்னப் படகுகள் ஓடும் இடங்களில் அப்படி யார்?

சொல்லாமல் வந்து எழும்பும் கடலை நாங்கள் கள்ளக்கடல் என்போம்; அதற்காகத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வானம் வெளுத்திருக்கும், காற்றே இருக்காது, வெளியூர்க்காரர் கண்ணுக்குக் கடல் குளம் போலத் தெரியும். ஆனால் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயற்காற்று எழுப்பிய அலை, சில நாள் பயணம் செய்து நம் கரையில் வந்து எழும்பும். பொழிமுகத்தில் இது இன்னும் மோசம். கடல் வற்றும் நேரத்தில் ஆற்று நீர் வேகமாக வெளியே ஓடும். உள்ளே வரும் அலை அதோடு மோதிச் சுவர் போல நின்று உடையும். அந்த இடத்தில் இன்ஜின் நின்று படகு அலைக்குக் குறுக்கே திரும்பினால் கவிழ்ந்துவிடும். செல்ஃபிக்காக எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அலைகூட வேண்டாம்.

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. அவர்கள் படகிலும் இல்லை, கரையோரம்தான் இருந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்த நாட்கள் அவை. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கடற்கரை ஊர்களில் கோயில் மைக்கில் அறிவிக்கிறார்கள், வள்ளங்கள் கரையேறுகின்றன. உல்லாசப் படகில் ஏற வருபவருக்கு மட்டும் அது எட்டுவதில்லை. 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்தார்களே, அது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய உல்லாசப் படகு. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள்.

ஆகவே கேட்பது இதுதான். சுற்றுலாப் படகு ஓடும் ஒவ்வொரு துறையிலும், டிக்கெட் பணத்தில் பங்கில்லாத ஒருவரை நிறுத்துங்கள். கடலை அறிந்த மூத்த மீனவராக இருந்தால் நல்லது. எச்சரிக்கை வந்த நாளில் அவர் சிவப்புக் கொடி ஏற்றினால் ஒரு படகும் அவிழக் கூடாது. மற்ற நாட்களில் தலையை எண்ணி, ஜாக்கெட்டின் கொக்கியை இழுத்துப் பார்த்த பிறகே ஆள் ஏற வேண்டும். பிள்ளைகள் அளவு இல்லையென்றால் பிள்ளைகளுக்கு இடமில்லை. அப்புறம், தமிழகக் காவல்துறையைச் சேர்ந்த கடலோரக் காவல் குழுமத்தின் 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய உதவி எண்களைப் படகுக்குள் கண்ணில் படும்படி எழுதச் சொல்லுங்கள். கொடி ஏறும் நாளில் படகுக்காரருக்கு ஒரு சிறு தொகை கொடுக்க முடியுமா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கொடியைக் கண்டு முதலில் சண்டைக்கு வருபவர் அவராகத்தான் இருப்பார்.

இப்படிக்கு,
குமரிக் கடற்கரைக்காரன் ஒருவன்