இரண்டு வேலைக்கும் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

என் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்துவிட்டது. நூலில் நன்றி சொல்ல ஒரு பக்கம்தான் கிடைத்தது. பாக்கியை இங்கே எழுதுகிறேன்.

தொண்டு நிறுவனங்களில் எழுத்து வேலை என்றால் திட்ட முன்மொழிவு, காலாண்டு அறிக்கை, ஆண்டறிக்கை, அப்புறம் நன்கொடையாளர்கள் விரும்பிக் கேட்கும் 'வெற்றிக் கதை'. ஒரு பக்கம், ஒரு புகைப்படம். அப்போது கண்ணீர், இப்போது சிரிப்பு. அப்படி ஒன்றை வாசித்துக் காட்டியபோது எங்கள் களப்பணியாளர், "எல்லாம் சரி, அந்தம்மாவுக்கு வட்டிக் கடன் இன்னும் அடையவில்லையே, அதையும் போடுங்கள்" என்றார். போட்டேன். இயக்குநர் ஒரு வரிகூட வெட்டாமல் அனுப்பினார். நிதி தருபவர்களிடம் அப்படி ஒரு பக்கத்தை நீட்டத் துணிச்சல் வேண்டும். என் கதைகள் சுபமாக முடிவதில்லை என்று குறைப்படுகிறவர்கள் இந்த இருவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

தங்கள் வாழ்க்கையைச் சொன்னவர்களுக்குத்தான் பெரிய கடன். எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்குவோம். ஒருவர் முழுவதும் கேட்டுவிட்டு, "என் பேர் இருக்கட்டும், பிள்ளை பேரை எடுத்துவிடுங்கள்" என்றார். இன்னொருவர் எதுவுமே வேண்டாமென்று எழுந்து போய்விட்டார். அவருக்கும் நன்றி. அவர் கதை இந்நூலில் இல்லை. ஆளை மாற்றி, ஊரை மாற்றிக்கூட எழுதவில்லை.

ஒரு திட்டத்துக்கென்று வந்த பணத்தை அதற்குத்தான் செலவழிக்க முடியும். எங்கள் சம்பளமும் அதற்குள்தான். திட்டம் முடிந்தால் சம்பளமும் நிற்கும். அடுத்த நிதி வரும்வரை கிடந்த மாதங்களில்தான் பெரும்பாலான கதைகள் உருவாயின. 'எழுத நேரம் கிடைத்ததே' என்பார்கள் நண்பர்கள். தன் ஒரே சம்பளத்தில் அந்த மாதங்களை ஓட்டிய என் மனைவியைக் கேட்டால் வேறு சொல்வாள். நன்றி என்றால் சிரிப்பாள், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

அறிக்கை எழுதிப் பழகிய கை லேசில் மாறாது. கதைக்குள்ளும் 'முடிவெடுக்கப்பட்டது', 'தெரிவிக்கப்பட்டது' என்று நுழைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் "யார்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய பதிப்பாசிரியருக்கு நன்றி. யாரென்று யோசித்ததில் இரண்டு கதைகளின் போக்கே மாறிவிட்டது.

அலுவலகத்துக்குப் பிரதிகள் அனுப்பியிருக்கிறேன். கணக்காளர் மட்டும் இந்த ஒரு தடவை பில் கேட்காமல் வாங்கிக்கொள்ளவும்.