தகரத்துக்கு அடியில் கால் இல்லாத அரணை

டோர்செட், இங்கிலாந்து
ஏப்ரல் 20

அன்புள்ள பாட்டாவுக்கு,

நான் நல்ல சுகம். முதியோர் இல்லத்தில் இன்னும் இரவு வேலைதான். அந்தக் கதையெல்லாம் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தோட்டத்து மூலையில் ஒரு பழைய தகரத்தைப் போட்டு வைத்திருக்கிறார். குப்பை என்றே நினைத்திருந்தேன். போன ஞாயிறு என்னைக் கூப்பிட்டு அதைத் தூக்கிக் காட்டினார். வெண்கலக் கம்பி போல ஒன்று சுருண்டு கிடந்தது. என் கை தானாகக் கம்பு தேடியது, குலசேகரத்துக்காரி அல்லவா! அவர் சிரித்துக்கொண்டே, "கண்ணைப் பார்" என்றார். அது கண் சிமிட்டியது பாட்டா! பாம்புக்கு இமை கிடையாதே. இது பல்லி இனமாம், பெயர் ஸ்லோ வொர்ம். நம்ம அரணையின் அதே மினுமினுப்பு, கால் மட்டும் இல்லை. பிடித்தால் வாலை விட்டுவிட்டுத் தப்பிவிடும். முட்டை இடாது, குட்டிதான் போடும். வெயிலில் சூடேறிய தகரத்துக்கு அடியில் வந்து ஒதுங்கும் என்றுதான் அதைப் போட்டிருக்கிறார்.

பிரிட்டனுக்கே சொந்தமான ஊர்வன மொத்தம் 6 வகைதான்: 3 பாம்பு, 3 பல்லி. விஷமுள்ள பாம்பு ஒன்றே ஒன்று. விடியுமுன் ரப்பர் வெட்டப் போகும் வழியில் நீங்கள் இதைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். குறைவாக இருப்பதாலோ என்னவோ, இங்கே பொத்திப் பொத்திக் காக்கிறார்கள். மாசி, பங்குனியில் தேரைகள் முட்டையிடக் குளம் தேடி ரோட்டைக் கடக்கும். ஆட்கள் ராத்திரி டார்ச்சும் வாளியுமாக நின்று அவற்றைப் பொறுக்கி அந்தப் பக்கம் விடுகிறார்கள். நானும் ஒரு நாள் போனேன். மாக்கான் சுமக்கவா விமானம் ஏறினாள் என்று சித்தி கேட்பாள், அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், எருக்குழியில் ஒரு தடவை நாம் அடித்துப் போட்டோமே, நினைவிருக்கிறதா? உடம்பெல்லாம் வளையம், பக்கவாட்டில் மஞ்சள் கோடு. இருதலைப் பாம்பு என்றீர்கள். அதை வரைந்து காட்டினேன். பெரியவர் புத்தகத்தைத் தேடி எடுத்து வந்தார். சிசிலியனாம், பாம்பும் இல்லை, மண்புழுவும் இல்லை, தவளை, தேரை போல மாக்கான் வகையறா! மண்ணுக்குள்ளேயே கிடப்பதால் கண்ணில் படுவதே அபூர்வமாம். இந்த வயதுவரை ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை என்று பெருமூச்சு விட்டார். நாம் என்ன செய்தோம் என்று நான் சொல்லவில்லை.

இடவப்பாதி மழை தொடங்கியதும் எருக்குழி கிளறுவீர்கள். மம்பட்டியைப் பார்த்துப் போடுங்கள். அது தென்பட்டால் தம்பியைக் கூப்பிட்டு, வாட்ஸாப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். பெரியவருக்குக் காட்ட வேண்டும்.

உங்கள் பேத்தி