பட்டறை அண்ணனுக்கும் தையல்கார ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

வணக்கம்.

கிணற்றில் குதித்தபோது கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட தம்பி ஒருவர் நம்ம மதுரையில் சக்கர நாற்காலி ரக்பி ஆடுகிறார். தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே உதவியவர்கள் பெயரையும் போடவில்லை. அவரவருக்குப் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

1977-ல் கனடாவின் வின்னிபெக் நகரில், கைகால் நான்கும் தளர்ந்தவர்களே தங்களுக்கென்று உருவாக்கிய ஆட்டம் இது. உடல் எவ்வளவு இயங்குகிறது என்று பார்த்து ஒவ்வொருவருக்கும் 0.5 முதல் 3.5 வரை புள்ளி. களத்தில் இறங்கும் நால்வரின் கூட்டு 8-ஐத் தாண்டக் கூடாது. பெண் ஆடினால் அந்த வரம்பு அரைப் புள்ளி கூடும். கைவலு உள்ளவர்களாகப் பார்த்து இறக்க முடியாது. நம் தம்பி போன்ற குறைந்த புள்ளிக்காரர் எதிராளியை மறித்து நிறுத்தினால்தான் பந்து வைத்திருப்பவர் கோல் கோட்டைத் தாண்டுவார். பரிதாபப்பட்டுக் கொடுத்த இடமல்ல அது.

நாற்காலியோடு நாற்காலி மோதுவது இதில் தவறில்லை. எதிராளியின் நாற்காலியை மாட்டி நிறுத்தும் முன்பக்கக் கொக்கிக் குழாய் சேரும் மூட்டில் மயிரிழை விரிசல் விடும். அலுமினியத்தில் சாதா வெல்டிங் நிற்காது. விரிசலைச் சுரண்டித் துடைத்து ஆர்கான் வெல்டிங் வைத்த பட்டறை அண்ணன், சக்கரக் கம்பிகளை மூடும் தட்டிலும் நெளிவு எடுத்துக் கொடுத்தார். தட்டு நெளிந்தால் எதிராளியின் கொக்கி உள்ளே மாட்டிக்கொள்ளும்.

குன்னத்தூர் சத்திரத்துத் தையல்கார ஐயாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். வயிற்றுத் தசை பிடிக்காதவர் மோதியதும் முன்னால் மடிந்துவிடுவார். வயிறு, தொடை, பாதம் மூன்றுக்கும் பெல்ட் வேண்டும். கடையில் விற்கும் பக்கிளை மடங்காத விரலால் பூட்ட முடியாது. ஐயா இரண்டங்குல வெல்க்ரோ வைத்து, நுனியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு காது தைத்தார். விரலை மாட்டி முழங்கையை மடக்கினால் இறுகிவிடும். நாங்கள் கேட்காமலே தையல் மடிப்பை வெளிப்பக்கம் வைத்திருந்தார். உணர்ச்சியில்லாத தோலில் ஒரு மடிப்பு அழுத்தினாலே புண்தான்.

முகூர்த்தமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் சாப்பாட்டுக்கூடத்தைத் திறந்துவிட்ட மண்டபத்துக்காரருக்கும், எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிய அக்காமாருக்கும் நன்றி. முழுக்களம் 28-க்கு 15 மீட்டர். கூடம் கொஞ்சம் குட்டை, பயிற்சிக்குப் போதும்.

ஐஸ் கொண்டுவரும் தம்பி, நீங்கள் செய்வது சின்ன வேலையில்லை. கழுத்தில் அடிபட்டவருக்கு அதற்குக் கீழே சரியாக வியர்க்காது. சூடு உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். வெறும் ஃபேன் உதவாது. ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடித்து அதன்மேல் காற்றுப் பட வேண்டும், கழுத்தில் ஐஸ் வைத்த துண்டைச் சுற்ற வேண்டும். பேச்சு குழறினால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

பிசியோதெரபி அம்மா சொல்லிக் கொடுத்ததை எல்லா வீட்டாரும் தெரிந்துகொள்ளலாம். கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை வலித்து முகம் சிவந்தால் படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, மூத்திரக் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதனால்தான் இரத்த அழுத்தம் எகிறும். இறங்காவிட்டால் உடனே 108.

சீமைக்கருவேல முள் ஏறிய டியூப்களை ஒட்டித் தரும் பஞ்சர் கடைக்காரர் காசு வாங்கவே மாட்டேன் என்கிறார். அண்ணே, மார்கழிக்குள் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஆட்டக்காரர்களும் வீட்டாரும், மதுரை